கென்டக்கி சாக்லேட் வால்நட் பை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகருக்கு நான் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. ஏப்ரல் கடைசி வாரம் வந்தால் போதும், பலர் டெர்பி பை என்று சொல்லும் இந்தச் சாக்லேட் வால்நட் பை (pie) பற்றிக் கைபேசியில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அலுவலகத் தோழிகள், டல்லாஸில் இருக்கும் நாத்தனார், சென்னையில் புதிதாக ஓடிஜி என்ற சின்ன மின்சார அடுப்பு வாங்கிய தங்கை என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

டெர்பி பை, டெர்பி பைன்னு சொல்றாங்களே, அது கேக்கா, பிஸ்கட்டா, என்னது?

கேக் இல்லை. மைதாவும் வெண்ணெயும் சேர்த்துச் செய்த மொறுமொறு க்ரஸ்ட் அடியில் இருக்கும். அதற்குள் முட்டை, சர்க்கரை, உருக்கிய வெண்ணெய், கொஞ்சம் மைதா, வால்நட், சாக்லேட் சிப்ஸ் கலந்த பூரணத்தை ஊற்றி பேக் செய்வார்கள். மேலே மூடி கிடையாது. வெந்ததும் மேல்பக்கம் மெல்லிய அப்பளம் மாதிரி வெடித்திருக்கும், உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். முழுசாக வேகாத பிரவுனியையும் சாக்லேட் சிப் குக்கியையும் ஒன்றாக நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் செஸ் பை என்று ஒன்று உண்டு. முக்கியமாக முட்டை, வெண்ணெய், சர்க்கரை வைத்துச் செய்வது. வால்நட் மாதிரியான பீக்கன் என்ற பருப்பைப் போட்டுச் செய்யும் பீக்கன் பையும் அந்த வகைதான். இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் இது.

குதிரைப் பந்தயத்துக்கும் பைக்கும் என்ன சம்பந்தம்?

கென்டக்கி டெர்பி லூயிவில்லில் உள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் நடக்கும் பந்தயம். 1875இல் தொடங்கியது. மே மாதம் முதல் சனிக்கிழமை, மூன்று வயதுக் குதிரைகள், ஒன்றேகால் மைல் ஓட்டம். பந்தயம் முடிய இரண்டே நிமிடம்தான் ஆகும். செக்ரட்டேரியட் என்ற குதிரை 1973இல் ஓடிய 1 நிமிடம் 59.4 விநாடிதான் இன்றும் சாதனை. ஓட்டம் இரண்டு நிமிடம் என்றாலும் சாப்பாடு இரண்டு வாரத்துக்கு நடக்கும். புதினா போட்ட மின்ட் ஜூலெப் என்ற பானம், இறைச்சிக் குழம்பான பர்கூ, வெள்ளரிக்காய் அரைத்துத் தடவிய பெனடிக்டைன் சாண்ட்விச், கடைசியில் இந்தப் பை. பந்தயமே பார்க்காத வீடுகளிலும் பை இருக்கும். எங்கள் வீடு அப்படித்தான்.

நீங்க ஏன் டெர்பி பைன்னு எழுதாம ‘சாக்லேட் வால்நட் பை’ன்னே எழுதுறீங்க?

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். லூயிவில்லை ஒட்டிய பிராஸ்பெக்ட் என்ற ஊரில் மெல்ரோஸ் இன் என்ற உணவகம் இருந்தது. 1950களில் அதை நடத்திய ஜார்ஜ் கெர்ன், தன் பெற்றோர் வால்ட்டர், லியாட்ரா ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கியது இந்தப் பை. ஆளுக்கு ஒரு பெயர் சொன்னதால் சீட்டு எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்களாம், வந்தது ‘டெர்பி பை’. 1960களின் கடைசியில் கெர்ன்ஸ் கிச்சன் நிறுவனம் அதை வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. செய்முறை இன்றும் ரகசியம்.

அந்தப் பெயரைப் போட்டு விற்றவர்கள், செய்முறை அச்சிட்டவர்கள் எனப் பலர் மீது வழக்குப் போட்டார்கள். போன் அப்பெட்டி என்ற சமையல் பத்திரிகை மீதும் 1980களில் வழக்கு நடந்தது. உள்ளூர் நாளிதழான கூரியர் ஜர்னல் மீது போட்ட வழக்கில், 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாளிதழின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று உணவகங்கள் பெகாசஸ் பை, மே டே பை, தரோப்ரெட் பை என்று என்னென்னவோ பெயர் வைத்து விற்கின்றன. வீட்டில் நாம் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் யாரும் வரப்போவதில்லை. நான் எழுதுவது கெர்ன் குடும்பத்தின் செய்முறை அல்ல, இங்கே வீடுகளில் செய்கிற பொதுவான ஒன்று. அதனால் பொதுப்பெயர்.

சரி, அளவு சொல்லுங்க. கப் வேண்டாம், கிராம்ல.

23 செ.மீ., அதாவது 9 அங்குலப் பை தட்டுக்கு: உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 200 கிராம், மைதா 60 கிராம், பெரிய முட்டை 2, வனிலா ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், போர்பன் விஸ்கி 2 டேபிள்ஸ்பூன், வறுத்து உடைத்த வால்நட் 115 கிராம், சாக்லேட் சிப்ஸ் 170 கிராம். ஆழம் குறைந்த சாதாரணத் தட்டே போதும். ஆழமான தட்டில் ஊற்றினால் பாதிதான் நிற்கும்.

பேக் செய்யும் அடுப்பை, அதாவது அவனை (oven), 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். சர்க்கரையும் மைதாவும் உப்பும் கலந்து, முட்டையை லேசாக அடித்து ஊற்றுங்கள். பிறகு வெண்ணெய், வனிலா, போர்பன். கடைசியில் வால்நட். கரண்டியால் கிளறினால் போதும், நுரைக்க அடிக்கும் பீட்டரை (beater) எடுக்காதீர்கள். நுரை வர அடித்தால் பை உப்பி எழுந்து பிறகு பொசுக்கென்று அமுங்கிவிடும். க்ரஸ்ட்டில் சாக்லேட் சிப்ஸைப் பரப்பி அதன் மேல் கலவையை ஊற்றி 35 முதல் 45 நிமிடம் வையுங்கள்.

இந்தியாவில் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே முட்டை சின்னதாக இருக்கும், ஓடு நீக்கி மொத்தம் 100 கிராம் வருகிற மாதிரி எடுங்கள். சர்க்கரை பருமனாக இருக்கும், மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கரையாமல் பல்லில் நறநறக்கும். பொடியாகவே ஆக்கிவிட வேண்டாம், ரவை பதம் போதும்.

பேக்கிங் பவுடர் எவ்வளவு?

கிடையாது. பூரணத்திலும் இல்லை, க்ரஸ்ட்டிலும் இல்லை.

க்ரஸ்ட் கடையில வாங்கினா தப்பா?

தப்பே இல்லை. இங்கே உறைய வைத்த க்ரஸ்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, பாதி கென்டக்கி அதைத்தான் வாங்குகிறது. ஆனால் வீட்டில் செய்தது வேறு ருசி. மைதா 160 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, ஃப்ரிஜ்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் 115 கிராம். வெண்ணெயைத் துண்டாக்கி மாவில் விரல்நுனியால் உதிர்த்துவிடுங்கள். பட்டாணி அளவில் அங்கங்கே வெண்ணெய்க் கட்டி தெரிய வேண்டும். ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் தெளித்து, பிடித்தால் பிடிபடும் அளவுக்குத் திரட்டுங்கள். பிசையவே கூடாது.

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்த இடம்தான் கஷ்டம். நம் கை தானாகவே மாவை அழுத்தி அழுத்தி மிருதுவாக்கப் பார்க்கும். மிருதுவானால் போச்சு, க்ரஸ்ட் ரப்பர் மாதிரி ஆகிவிடும். நான் முதல் இரண்டு தடவை அப்படித்தான் செய்தேன். விரிசல் விட்டு அசிங்கமாக இருக்கும் மாவுதான் இதற்குச் சரியான மாவு.

வச்ச க்ரஸ்ட் சுருங்கி உள்ள விழுந்துடுது, ஏன்?

மாவுக்கு ஓய்வு போதவில்லை. திரட்டியதும் ஒரு மணி நேரம், தட்டில் பரப்பிய பின் இன்னொரு அரை மணி நேரம் ஃப்ரிஜ்ஜில் இருக்கட்டும். பரப்பும்போது இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்த மாவு சூட்டில் பழைய இடத்துக்கே திரும்பும். தூக்கி, தானாக மூலையில் போய் உட்காரும்படி விடுங்கள்.

அடிப்பக்கம் எப்பவுமே ஈரமா, வேகாத மாவா இருக்கு. என்ன பண்ணலாம்?

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். பூரணம் ஈரமானது, க்ரஸ்ட் வேகும் முன்பே அது ஊறிவிடுகிறது. அதனால் க்ரஸ்ட்டை முதலில் தனியாகக் கொஞ்சம் பேக் செய்யுங்கள். மேலே பட்டர் பேப்பர் விரித்து அரிசியோ காராமணியோ நிரப்பி, 190 டிகிரியில் 15 நிமிடம். பேப்பரை எடுத்துவிட்டு இன்னும் 5 நிமிடம். நிறம் மாற வேண்டாம், பளபளப்பு போனால் சரி. அந்த அரிசியை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். சோறாக்க முடியாது.

அப்புறம், பையை அவனில் கீழ்த்தட்டில் வையுங்கள். அவன் சூடாகும்போதே ஒரு இரும்புத் தட்டையும் உள்ளே வைத்து, அந்தச் சூடான தட்டின் மேல் பையை வைத்தால் அடியிலிருந்து உடனே சூடு ஏறும். பீங்கான் தட்டு பார்க்க அழகு, ஆனால் மெதுவாகத்தான் சூடாகும். சாதாரண அலுமினியத் தட்டு மேல். சாக்லேட்டை அடியில் பரப்பச் சொன்னதற்கும் ஒரு காரணம் இதுதான், அது உருகி க்ரஸ்ட்டுக்கு ஒரு பூச்சு மாதிரி நிற்கும்.

வால்நட்டா பீக்கனா? முந்திரி போட்டா ஒத்துக்குவீங்களா?

லூயிவில்லில் இது சண்டை மூட்டும் கேள்வி. கெர்ன் குடும்பத்தின் பையில் இருப்பது வால்நட். பல வீடுகளில் பீக்கன். என் ஓட்டு வால்நட்டுக்கு. இந்தப் பை ரொம்ப இனிப்பு, வால்நட் தோலில் இருக்கும் மெல்லிய கசப்புதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பீக்கன் தானே இனிப்பானது, இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டிவிடும். முந்திரி போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் சாக்லேட் நடுவில் முந்திரி இருப்பதே தெரியாது. காசுக்குக் கேடு.

இந்தப் பக்கத்துக் காடுகளில் கறுப்பு வால்நட் மரங்கள் உண்டு. அதன் பருப்பு வாசனை மிகக் கடுமை. யாராவது கொடுத்தால் மொத்த அளவில் கால் பங்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

என் வால்நட் கசப்பு இல்ல, ஒரு மாதிரி பெயின்ட் வாசனை வருது.

அது சிக்கு வாசனை. வால்நட்டில் எண்ணெய் அதிகம், வெளியில் வைத்தால் சீக்கிரம் கெடும். அதை வறுத்தாலும் போகாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். வாங்கியதை ஃப்ரீசரில் வையுங்கள். நல்ல வால்நட்டை 175 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வறுத்து, சூடாக இருக்கும்போதே துணியில் போட்டுத் தேய்த்தால் தளர்ந்த தோல் உதிரும். முழுசாக உரிக்க வேண்டாம், கொஞ்சம் கசப்பு வேண்டும் என்று மேலேயே சொன்னேனே.

நாங்க குடிக்கிறதில்ல. போர்பன் இல்லாம செஞ்சா அது சரியான பை ஆகுமா?

தாராளமாக. அசல் பையிலேயே போர்பன் கிடையாது. பிற்பாடு வீடுகளில் சேர்ந்துகொண்டது. போர்பன் கென்டக்கியின் பெருமை. குறைந்தது 51 சதவீதம் சோளம் சேர்த்து வடித்து, உள்ளே கரித்த புதிய ஓக் பீப்பாயில் ஊற வைக்கும் விஸ்கி அது. இந்த ஊரில் பார்பிக்யூ சாஸிலிருந்து மிட்டாய் வரை எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள், பை மட்டும் தப்புமா?

போர்பனுக்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டியான காபி டிகாக்‌ஷனும் இன்னொரு டீஸ்பூன் வனிலாவும் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் போர்பன் பையைவிட டிகாக்‌ஷன் பைதான் முதலில் காலியாகும். சிக்கரி கலக்காத தூளாக இருந்தால் நல்லது.

சூட்டுல ஆல்கஹால் பூரா ஆவியாயிடும்தானே? அப்ப பிரச்சினை இல்லையே?

பூராவும் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து அரை மணி நேரம் பேக் செய்தால் ஊற்றியதில் சுமார் 35 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்துக்கு 25 சதவீதம். ஒரு துண்டுக்கு என்று பார்த்தால் மிகக் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. மத நம்பிக்கையாலோ உடல்நிலையாலோ, குடியை விட்டதாலோ தவிர்ப்பவர்களுக்குப் பரிமாறும்போது ‘எல்லாம் ஆவியாகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள். முந்தைய பதிலில் உள்ளபடி செய்யுங்கள். இன்னொன்று, வனிலா எக்ஸ்ட்ராக்டிலும் ஆல்கஹால் இருக்கிறது. முற்றிலும் கூடாது என்பவர்களுக்கு வனிலா பொடி அல்லது விதை.

சில செய்முறைல கார்ன் சிரப் ஒரு கப் போடச் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் நடப்பில் உள்ளவை. கார்ன் சிரப், அதாவது சோளப் பாகு, ஊற்றினால் பீக்கன் பை மாதிரி ஜெல்லியாக, பளபளப்பாக வரும். மைதா போட்டுச் செய்தால் பிரவுனி மாதிரி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், நான் கொடுத்த அளவும் அதற்குத்தான். இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், முட்டையின் எண்ணிக்கை முதல் வேகும் நேரம் வரை எல்லாம் மாறும்.

சாக்லேட் சிப்ஸ் போட்டதும் கலவை முழுக்கச் சேறு மாதிரி பழுப்பாயிடுச்சு!

சிப்ஸை க்ரஸ்ட்டில் பரப்பாமல் கலவையிலேயே போட்டிருக்கிறீர்கள், வெண்ணெயும் சூடாக இருந்திருக்கிறது. உருக்கிய வெண்ணெய் விரல் வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லாமல் ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் இன்னொரு ஆபத்தும் உண்டு, முட்டை திரிந்துவிடும். உருக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டு, க்ரஸ்ட் வேலையைப் பார்க்கப் போங்கள். அது முடிவதற்குள் ஆறியிருக்கும். பழுப்பாகிவிட்டால் கொட்ட வேண்டாம், அப்படியே ஊற்றி பேக் செய்யுங்கள். ருசியில் குறை இருக்காது, வெட்டினால் சாக்லேட் தனியாகத் தெரியாது, அவ்வளவுதான்.

சிப்ஸுக்குப் பதில் சாக்லேட் பாரை நறுக்கியும் போடலாம், இன்னும் நன்றாக உருகும். கவரில் கோகோ பட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். காம்பவுண்ட் சாக்லேட்டில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், வாயில் மெழுகு மாதிரி ஒட்டும்.

இனிப்பு தாங்கல. சர்க்கரையைப் பாதியாக்கலாமா?

பாதி வேண்டாம், 150 கிராம் வரை இறங்கலாம். அந்த அப்பளம் மாதிரி மேல்பகுதி சர்க்கரையால்தான் வருகிறது, குறைத்தால் அது போய் மேல்பக்கம் மங்கலாகிவிடும். அதைவிட நல்ல வழி, சாக்லேட்டை 60 அல்லது 70 சதவீத டார்க்காக மாற்றி, உப்பைச் சரியாகப் போடுவது. இந்தியாவில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அப்போது தனி உப்பு வேண்டாம்.

குச்சி விட்டுப் பார்த்தா ஈரமாவே வருது. வெந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

குச்சி இதற்கு உதவாது. உருகிய சாக்லேட்டில் குத்தினால் வெந்த பையிலும் ஈரமாகத்தான் வரும். ‘இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம்’ என்று வைத்துக் கருக்கியவர்கள் உண்டு. தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல் உப்பியிருக்க வேண்டும், மேலே பொன்னிறமாக வெடித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்கு மட்டும் லேசாக ஆட வேண்டும். அலையடித்தால் வேகவில்லை. அசையவே இல்லை என்றால் சற்று அதிகம், ஆறியதும் கெட்டியாக இருக்கும்.

ஓடிஜியில மேல கருகிடுது, உள்ள வேகல.

சின்ன ஓடிஜியில் மேல் கம்பி பைக்கு மிக அருகில் இருக்கும். கீழ்த்தட்டில் வையுங்கள், 20 நிமிடம் ஆனதும் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மேலே போர்த்துங்கள். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் வெப்பத்தை 15 டிகிரி குறையுங்கள். திருகியில் 175 என்று இருந்தாலும் உள்ளே 200 இருக்கலாம், உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். என் தங்கையின் பாதி சந்தேகங்கள் அதோடு தீர்ந்தன.

நல்லா வெந்துச்சு, ஆனா வெட்டினா குழம்பு மாதிரி ஓடுது.

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு வெட்டினீர்கள்? வந்த முதல் வருடம் நான் ஒரு விருந்துக்கு அவனிலிருந்து எடுத்த கையோடு காரில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கே வெட்டினால் எல்லாம் வழிந்து, கடைசியில் கிண்ணத்தில் கரண்டியால் பரிமாறினோம். ஐஸ்கிரீம் மேலே ஊற்றும் சாஸ் என்று நினைத்து ஒருவர் பாராட்டவும் செய்தார். வெண்ணெயும் சாக்லேட்டும் சூட்டில் திரவம், ஆறினால்தான் இறுகும். குறைந்தது நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள். முந்தைய நாள் இரவே செய்துவிட்டால் இன்னும் உத்தமம். சூடாகச் சாப்பிட ஆசைப்பட்டால், ஆறிய பையை வெட்டிய பிறகு துண்டை மட்டும் சூடு செய்யுங்கள்.

முட்டை சாப்பிட மாட்டோம். ஆளி விதை போட்டுச் செய்யலாமா?

செய்து பார்த்தேன், எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. கேக்கில் முட்டைக்கு மாற்று உண்டு, ஏனென்றால் அங்கே மாவு தாங்குகிறது. இதில் மாவு 60 கிராம்தான், முழுப் பாரமும் முட்டையின் மேல். அதனால் முட்டை சாப்பிடாத நண்பர்களுக்கு வேறு பண்டமே செய்கிறேன். அதே க்ரஸ்ட்டை முழுசாக பேக் செய்து, 200 மில்லி கிரீமைச் சூடாக்கி 200 கிராம் டார்க் சாக்லேட் மேல் ஊற்றிக் கலக்கி, வறுத்த வால்நட் சேர்த்து ஊற்றி ஃப்ரிஜ்ஜில் இறுக வைப்பது. கென்டக்கிக்காரர்கள் இதைத் தங்கள் பை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் தட்டு காலியாகும்.

என் பையனுக்கு நட்ஸ் அலர்ஜி. வேர்க்கடலை போடலாமா, அது பயறு வகைதானே?

பயறு வகைதான், ஆனால் வேர்க்கடலையும் தனியாகவே பெரிய ஒவ்வாமைப் பொருள். நட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அதுவும் சேராது. மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். வறுத்த பூசணி விதை அதே அளவு போடலாம், கொறிக்க நன்றாகவே இருக்கும். சாக்லேட் கவரில் ‘நட்ஸ் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கையையும் படியுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்?

முட்டை இருப்பதால், ஆறிய பையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது இங்கே பொதுவான அறிவுரை. முன்பு சொன்ன நான்கு மணி நேரத்தில் முதல் இரண்டு மணி வெளியே, மீதி ஃப்ரிஜ்ஜில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிஜ்ஜில் மூன்று நான்கு நாள். ஃப்ரீசரில் துண்டு துண்டாகச் சுற்றி வைத்தால் இரண்டு மாதம் வரை ருசி மாறாது. பரிமாறும் முன் 150 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் க்ரஸ்ட் மீண்டும் மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் க்ரஸ்ட் துவண்டுவிடும்.

வீட்ல செஞ்சு ஆர்டர் எடுக்கலாம்னு இருக்கேன். என்ன பேர் போடட்டும்?

‘டெர்பி பை’ மட்டும் வேண்டாம், காரணம் மேலேயே இருக்கிறது. தீர்ப்பு நாளிதழுக்குச் சாதகமாக வந்ததை வைத்து நமக்கும் வரும் என்று நினைக்காதீர்கள். கட்டுரையில் எழுதுவது வேறு, பெட்டி மேல் ஒட்டி விற்பது வேறு. ‘கென்டக்கி சாக்லேட் வால்நட் பை’ என்று போடுங்கள். போர்பன் ஊற்றினால் அதையும், முட்டை, நட்ஸ், பால், கோதுமை இருப்பதையும் லேபிளில் எழுதுங்கள். வீட்டிலிருந்து உணவு விற்பதற்கான அனுமதி விதிகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு, முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டி அச்சடிக்கக் கொடுங்கள்.